வெச்ச இடம்

எங்கள் சொந்தக்காரர்களுக்குள் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே சொல்லில்தான் தொடங்கும்: "காணோம்." ஸ்பீக்கர் படம் காணோம், தமிழ் கீபோர்டு காணோம், கீழே இருந்த பட்டை காணோம், ராத்திரி வரைக்கும் இருந்துச்சு, காலையில காணோம். விசாரித்தால் நடுவில் ஒரு அப்டேட் நடந்திருக்கும்.

வீட்டில் ஒரு அரிவாளோ அண்டாவோ காணாமல் போனால் மனம் உடனே ஒரு ஆளைத் தேடும். இங்கே தேட ஆள் கிடையாது. எடுத்தவர் திருடவில்லை. கேட்டால் "மேம்படுத்தியிருக்கிறோம்" என்பார், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அப்படியிருந்தும் "காணோம்" என்று சொல்கிறவரின் குரலில் எதையோ பறிகொடுத்த தொனி இருக்கிறது. அந்தத் தொனிக்கு நியாயம் உண்டா, இல்லை அது வெறும் பழக்கதோஷமா? ஒன்றைப் பல வருஷம் பழகிவிட்டோம் என்பதே அதன் மேல் நமக்கு ஒரு பாத்தியத்தைக் கொடுக்குமா? அதிலும், அது நமக்குச் சும்மா கிடைத்த ஒன்றாக இருந்தால்?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் பார்த்து யோசிக்கவில்லை. பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டும் என் அத்தையின் லேப்டாப்பிலிருந்துதான் அது வந்தது.

முதலில் அந்த லேப்டாப்பைப் பற்றி. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அத்தை மகன் ப்ளஸ் டூ படித்த வருஷம் அவனுக்கும் ஒன்று வந்தது. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். பாஸ், சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எங்கள் பக்கத்துப் பையன்களில் பலருக்கு லினக்ஸ் என்ற சொல்லே அப்படித்தான் அறிமுகம், தெரியாமல் அந்தப் பக்கம் நுழைந்துவிட்டு வெளியே வர வழி தேடிய அறிமுகம். இவன் மட்டும் அதில் தங்கிவிட்டான். பின்னால் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது பழைய மெஷினில் வேறொரு இலவச லினக்ஸைப் போட்டு வீட்டில் விட்டுப் போனான். எது என்று பெயர் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அதன் ரசிகர் சண்டைக்குப் போய்விடும்.

மாமா 2016-இல் இறந்தார். தறிக் கணக்கு அத்தை கைக்கு வந்தது. பாவு எத்தனை வந்தது, துணி எத்தனை மீட்டர் போனது, தறி ஓட்டுகிறவர்களில் யாருக்கு அட்வான்ஸ் எவ்வளவு நிற்கிறது, சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு வாரக்கூலி. மாமா இருந்தபோது பட்டறைச் சுவரில் இரண்டு கம்பிகள் தொங்கும். கொடுக்க வேண்டிய சீட்டெல்லாம் இடது கம்பியில் குத்தியிருக்கும். கொடுத்தானதும் உருவி வலது கம்பியில் குத்துவார். தகராறு உள்ள சீட்டு மட்டும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போகும். அத்தை அதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபைல். இடது ஓரத்தில் இருந்தால் பாக்கி, வலது ஓரத்துக்கு இழுத்துவிட்டால் பைசல், கீழே மூலையில் கிடந்தால் பேச வேண்டியது. ஃபைல்களின் பெயர்கள் மகன் வைத்த ஆங்கிலச் சுருக்கங்கள். அத்தை அவற்றைப் படித்ததே இல்லை. "பேரப் பாத்து எதுக்குக் கண்ணு தொறக்கோணும், எடந்தான் தெரியுமே" என்பார்.

ஜெராக்ஸ் கம்பெனி 1981-இல் 'ஸ்டார்' என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது திரையை ஒரு அலுவலக மேஜையாக வரைந்தார்கள். தாள், கோப்புறை, தபால் தட்டு எல்லாம் குட்டிக் குட்டிப் படங்களாக இருந்தன. டெஸ்க்டாப் என்கிற நினைப்பு கடைச்சரக்காக வெளியே வந்தது அதில்தான். பொருளை எங்கே வைத்தோம் என்பதே பாதி நினைவு என்ற எளிய உண்மைதான் அதன் அஸ்திவாரம். அத்தை கலிஃபோர்னியா மேஜையில் பள்ளிபாளையத்துக் கம்பியைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான்.

போன தை மாதம் மகன் விடுமுறையில் வந்தான். அந்த லினக்ஸ் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அதில்தான் அத்தை பேங்க் கணக்கும் பார்க்கிறார். அவன் பயந்தது நியாயம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதிதாக எஸ்எஸ்டி போட்டு, அதே லினக்ஸின் புதுப் பதிப்பை ஏற்றி, ஃபைல்களை எல்லாம் ஒன்று விடாமல் நகலெடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினான். மெஷின் பறந்தது. திரையைத் திறந்தால் ஒரு மலை, ஒரு வானம். வேறு எதுவும் இல்லை.

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாக ஈரோடு போகும் பஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். இந்த மாதிரிக் கோளாறுகளை ஆராய ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஃபைல்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தன, டெஸ்க்டாப் என்ற கோப்புறைக்குள் எல்லாம் பத்திரமாக. அடுத்து, ஏதாவது அமைப்பு மாறி அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் வலது க்ளிக் செய்தால் பின்னணிப் படத்தை மாற்றலாம் என்றது, ஐகான் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்து, புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து அதிலும் இப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. அதிலும் அதே மலை, அதே வானம். இந்த மூன்றாவது சோதனைதான் முக்கியம். பழைய கணக்கில் மட்டும் தவறு இருந்தால் அது பழுது. புதுக் கணக்கிலும் இருந்தால் அது பழுதில்லை, முடிவு. யாரோ எங்கோ உட்கார்ந்து "திரையில் இனி எதையும் வைக்க வேண்டாம்" என்று தீர்மானித்திருக்கிறார்கள். பழுதைச் சரிசெய்யலாம், ஒருவரின் தீர்மானத்தை நாம் என்ன செய்வது?

ஒரு நீட்சியை நிறுவினால் ஐகான்கள் திரும்ப வரும். நிறுவினேன், வந்தன. ஆனால் எல்லாம் மேலிருந்து கீழாக அகரவரிசையில் நின்றன. எந்த ஐகான் எந்த இடத்தில் இருந்தது என்பது அந்த ஃபைலுக்குள் இருக்காது. கணினி அதைத் தனியாக ஒரு குறிப்பில் வைத்திருக்கும். ஃபைல்கள் புது டிஸ்க்குக்கு வந்தன, குறிப்பு வரவில்லை. பழைய டிஸ்க் அதற்குள் கடையோடு போய்விட்டது.

"எல்லாம் இருக்குதுங்கத்தை" என்றேன். சொன்ன அளவில் உண்மைதான். அத்தை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குது கண்ணு, யாருக்குக் கொடுத்தேங்கறது மட்டும் இல்ல" என்றார்.

இருந்தது என்ன, இல்லாமல் போனது என்ன என்பதை இதற்குச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது. தொழில்நுட்பத்தின் கண்ணில் அங்கே எந்தத் தகவலும் அழியவில்லை. இடம் என்பது அதற்கு அலங்காரம். அத்தைக்கு இடம்தான் கணக்கு.

ஆண்டி க்ளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள், நீட்டிக்கப்பட்ட மனம் பற்றி. அதில் ஓட்டோ என்று ஒரு கற்பனை மனிதர் வருவார். மறதி நோய்க்காரர். எதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது புரட்டிப் பார்ப்பார். அருங்காட்சியகம் 53-ஆம் தெருவில் இருக்கிறது என்பது நமக்கு மூளையில் இருக்கிறது, ஓட்டோவுக்கு நோட்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்போது ஒன்றை நினைவு என்றும் மற்றதை வெறும் தாள் என்றும் ஏன் பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கட்டுரையின் கடைசியில் ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டுப் போவார்கள்: அப்படியானால், சில சமயம் ஒருவரின் சுற்றுப்புறத்தில் கைவைப்பது அந்த ஆள் மேலேயே கைவைப்பதற்குச் சமம் ஆகலாம். எனக்கு முதலில் இது கொஞ்சம் மிகையாகப் பட்டது. நோட்டைக் கிழிப்பதும் மண்டையில் அடிப்பதும் ஒன்றா என்று தோன்றியது. பள்ளிபாளையத்தில் அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டபிறகு அவ்வளவு மிகையாகப் படவில்லை.

ஐகான் போன வாரத்தில் தறி ஓட்டும் ஒருவர், முந்தின வாரத்து மிச்சம் 1,400 ரூபாய் வரவில்லை என்றார். வேறு நாளாக இருந்தால் அத்தை திரையைப் பார்ப்பார், இடமா வலமா என்று தெரிந்துவிடும். இப்போது தெரியவில்லை. பேசாமல் எண்ணிக் கொடுத்தார். பெங்களூரிலிருந்து மகன் போனில், "இதுக்குத்தாம்மா நானே பாத்துக்கறேன்னு சொல்றேன்" என்றான். அவன் கோபப்படவில்லை, ரொம்பப் பக்குவமாகத்தான் சொன்னான். அந்தப் பக்குவம்தான் அத்தையைச் சுட்டது என்று நினைக்கிறேன்.

என்னிடம் அத்தை சொன்னது வேறு. "அவன் பொய் சொல்ற ஆளு இல்ல கண்ணு. பாக்கி இருந்துதான் இருக்கும். ஆனா கணக்காக் கொடுக்க வேண்டியத நான் தர்மமாக் கொடுத்த மாதிரி ஆயிப்போச்சு. அவனுக்கும் அது புடிச்சிருக்காது."

ஒரே 1,400 ரூபாய். தெரிந்து கொடுத்தால் கூலி, தெரியாமல் கொடுத்தால் தர்மம். வாங்குகிறவரின் நிலையும் அதோடு மாறிவிடுகிறது. உழைத்துச் சம்பாதித்ததை நம்பிக்கையின் பேரில் வாங்கிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. அத்தை இழந்தது சௌகரியத்தை இல்லை. நியாயமாக நடந்துகொள்வதற்கான கருவியை இழந்தார். "ஐகான்தானே" என்பவர்களோடு எனக்கு ஒத்துவராதது இந்த இடத்தில்தான்.

சரி, இழப்பு உண்மை. ஆனால் இழப்பு இருந்தால் உரிமை இருந்தது என்று ஆகிவிடாதே. மழை பெய்யாவிட்டாலும்தான் இழப்பு.

எங்கள் பக்கம் நிலத்தகராறில் பாதி வண்டித்தடத்தைப் பற்றியதாக இருக்கும். பழைய கிரயப் பத்திரங்களில் "மாமூல் வழிநடை, வண்டித்தட பாத்தியம் உட்பட" என்று ஒரு வரி வரும். (மாமூல் என்றால் இன்று வேறு அர்த்தம். பத்திரத்தில் அது இன்னும் வழக்கம் என்ற பழைய அர்த்தத்தில் மானமாக இருக்கிறது.) இதன் பின்னால் நிற்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். சட்டம் வந்தபோதே சென்னை மாகாணத்துக்குப் பொருந்தியது. அதன் 15-ஆம் பிரிவு சொல்வது: அடுத்தவர் நிலத்து வழியை அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாகக் கருதி, இடைவிடாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தால் அந்த வழி உங்களுக்குப் பாத்தியம். அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள். பழக்கம் உரிமையாகுமா என்ற கேள்விக்கு, ஆகும் என்று தெளிவாகப் பதில் சொல்கிற சட்டம்.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உரிமையாக நடந்திருக்க வேண்டும். நிலத்துக்காரர் "போய்ட்டு வாங்க" என்று விட்டதால் நடந்தீர்கள் என்றால் நூறு வருஷம் நடந்தாலும் பாத்தியம் வராது. அது வெறும் அனுமதி. இதே சட்டம் 52-ஆம் பிரிவில் அதற்கு வைத்திருக்கும் பெயர் லைசென்ஸ். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நாம் யாரும் மென்பொருளைச் சொந்தமாக வாங்குவதில்லை, அதன் லைசென்ஸைத்தான் ஒப்புக்கொள்கிறோம். அத்தையின் கதையில் இன்னும் மோசம்: மெஷின் அரசாங்கம் மகனுக்குக் கொடுத்தது, மகன் அம்மாவுக்கு விட்டுப்போனது, இயங்குதளம் யாரோ முகம் தெரியாதவர்கள் காசில்லாமல் கொடுத்தது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எல்லாமே கொடை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கேட்டார்கள். அத்தை வீட்டிலேயே கேட்டார்கள்.

கொடுத்தவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரித் தீர்மானங்களில் உலகமறிந்த ஒன்று க்னோம் எடுத்தது. லினக்ஸில் பலர் பயன்படுத்தும் திரைச்சூழல் அது. 2011 ஏப்ரலில் வந்த மூன்றாம் பதிப்பிலேயே ஐகான்களை முன்னிருப்பில் காட்டாமல் விட்டார்கள், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 2018 மார்ச்சில் வந்த 3.28-இல் அந்த வசதியையே ஃபைல் நிர்வாகியிலிருந்து வெட்டினார்கள். சொன்ன காரணம் திமிர் இல்லை. அந்த நிரல்பகுதி ரொம்பப் பழசு, பராமரிக்க ஆள் இல்லை, மற்ற வேலைகளுக்கெல்லாம் குறுக்கே நின்றது. அந்தப் பதிப்பு வந்த சமயம் உபுண்டு தன் 18.04 வெளியீட்டில் ஐகான்கள் போகக்கூடாது என்பதற்காகவே ஃபைல் நிர்வாகியை மட்டும் பழைய 3.26-இல் நிறுத்திவைத்தது. பிறகு நீட்சி வடிவில் ஐகான்கள் வந்தன. இரவில் தன் சொந்த நேரத்தில் நிரல் எழுதுகிற ஒருவரிடம், "நான் பழகிவிட்டேன், அதனால் நீ இதைச் சாகும்வரை பராமரி" என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? அது அவரை என் பண்ணையாள் ஆக்குவதாகும். பழகியவனின் உரிமை இன்னொருவரின் காலவரையற்ற உழைப்பாக மாறும் என்றால் அந்த உரிமை வேண்டாம்.

இலவசமாகத் தருகிறவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. காசு வாங்கி விற்கிறவர்களுக்கு இல்லை. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனைக் காணோம். 1995-லிருந்து உலகம் பழகிய பட்டன். எடுப்பதற்கு முன்பே விளக்கம் தந்தார்கள்: ஸ்டார்ட் பட்டியைத் திறப்பது குறைந்துவருகிறது என்று அளவீடுகள் காட்டுகின்றன. எதிர்ப்பு கிளம்பி, ஒரு வருஷம் கழித்து 8.1-இல் பட்டன் திரும்ப வந்தது. ஆனால் அழுத்தினால் பழைய பட்டி வரவில்லை, அதே புது முழுத்திரைதான் வந்தது. பட்டி திரும்ப வர 2015-இல் விண்டோஸ் 10 வரைக்கும் ஆனது. அத்தையின் அகரவரிசை ஐகான்களைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பட்டன் ஞாபகம்தான் வந்தது.

அந்த அளவீட்டு வாதத்தில்தான் எனக்கு ரொம்ப உறுத்தல். எவ்வளவு தடவை பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணலாம். எவ்வளவு சாய்ந்து நிற்கிறார்கள் என்று எண்ண முடியாது. ஊரில் எந்த வழியில் ஆள் நடமாட்டம் குறைவு என்று எண்ணிப் பார்த்தால் சுடுகாட்டுக்குப் போகிற வழிதான் கடைசியில் வரும். வருஷத்துக்கு நாலு தடவையோ ஐந்து தடவையோ. எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அதை அடைக்க முடியாது. அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நிலத்து வழியாகப் போக விடாததால் ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். காணொளி வெளிவந்தபின் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. ஐகானையும் அதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை, வைப்பது அசிங்கம். நான் சொல்ல வருவது பழக்கத்தால் வரும் உரிமையின் ஒரு பழைய குறை பற்றி. 'உரிமையாக நடந்தவர்' என்று சட்டம் கேட்கும்போது, தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தயவில் நடக்க வைக்கப்பட்டவர்களின் பழக்கம் கணக்கிலேயே வராமல் போகிறது. யாருடைய பழக்கம் பாத்தியம், யாருடைய பழக்கம் வெறும் சலுகை என்பதை நடந்தவர் தீர்மானிப்பதில்லை. அதனால் பழக்கம் என்றாலே புனிதம் என்று பேசவும் எனக்கு மனசில்லை.

அப்படியானால் லைசென்ஸில் வாழ்கிறவருக்கு எதுவுமே இல்லையா? அதே சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 60-ஆம் பிரிவு: கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கலாம், ஆனால் அந்த அனுமதியை நம்பி, செலவு செய்து, நிரந்தரத் தன்மையுள்ள வேலை ஒன்றை ஒருவர் செய்திருந்தால் வாங்க முடியாது. 63-ஆம் பிரிவு: அனுமதியைத் திரும்ப வாங்கும்போது, அவர் இடத்தைக் காலி செய்யவும், அங்கே வைத்த தன் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும். இந்தச் சட்டம் நிலத்துக்குத்தான், திரைக்கு இல்லை. ஆனால் நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்த யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. கொடுத்தவர் என்றென்றைக்கும் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கியவர் அங்கே கொண்டுவந்து வைத்தது மட்டும் கொடுத்தவருடையது இல்லை. திரை இலவசம். இடது பாக்கி, வலது பைசல் என்பது அத்தை கொண்டுவந்தது. அதை எடுத்துக்கொள்ளத்தான் அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

அவகாசம் கொடுத்து மாற்ற முடியாதா என்றால், தமிழிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகளின் உருவம் மாறியது. ஒரு மொழிக்கே அப்டேட். பாடப்புத்தகம் மாறியது, அச்சு மாறியது. ஆனால் பழைய கை அப்படியே எழுதிக்கொண்டிருந்தது. என் அப்பாரு கடைசிவரை துதிக்கை வைத்த லைதான் போட்டார். யாரும் அவர் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை, அவர் கையெழுத்து செல்லாது என்று சொல்லவில்லை. நாங்கள் புது எழுத்தில் பதில் எழுதினோம், அவரும் முணுமுணுத்துக்கொண்டே படித்துக்கொண்டார். பழைய உருவம் அவரோடும் அவர் வயதுக்காரர்களோடும் அதன் போக்கில் போனது. மாற்றம் நின்றுவிடவும் இல்லை, யார் கையும் ஒரே இரவில் ஊமையாகவும் இல்லை. தாளும் பேனாவும் இருந்ததால் அது நடந்தது என்பதும் உண்மைதான். எந்த எழுத்தை அனுமதிப்பது என்று பேனா தீர்மானிப்பதில்லை.

கட்டற்ற மென்பொருள் உலகம் இதற்குத் தன்னிடம் இன்னும் நல்ல பதில் இருப்பதாகச் சொல்லும். அது பொய்யும் இல்லை. ஜிபிஎல் லைசென்ஸில் வந்ததை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. நிலத்து லைசென்ஸுக்கு நேர் எதிர். பழைய க்னோம் 2-ஐ விட மனசில்லாத அர்ஜென்டினாக்காரர் ஒருவர் 2011-இல் அதை அப்படியே எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கினார். அங்கே குடிக்கும் ஒருவகை மூலிகைத் தேநீரின் பெயரை, மாட்டே என்று, அதற்கு வைத்தார்கள். இன்றைக்கும் ஓடுகிறது, ஐகான்களோடு. வண்டித்தடத்தைப் பாயாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற மாதிரியான சுதந்திரம் அது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பாயைச் சுருட்டத் தெரிய வேண்டும். அத்தைக்குச் சுதந்திரம் முழுசாக இருந்தது, சுருட்ட ஆள்தான் இல்லை. சுருட்டத் தெரிந்தவன் நான், அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். மகன் பெங்களூரில்.

ஆகவே கடன் யாருடையது என்று கேட்டால், எங்கோ உட்கார்ந்து தீர்மானித்தவர்களைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறவர் மேல்தான் அதிகம் விழுகிறது என்று நினைக்கிறேன். நிரல் எழுதியவர்களுக்கு அத்தையின் இடது ஓரம் தெரிய வழியே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கேள்வி போதும்: "இதுல எது எங்க இருக்கோணும்னு உங்களுக்கு முக்கியம்?" எங்கள் ஊரில் குத்தகை நிலத்தைத் திரும்பக் கேட்கிறவர்கூட நிற்கிற மரவள்ளியைப் பிடுங்கும்வரை பொறுப்பார். பத்து மாதப் பயிர் அது. பாதுகாப்புத் திருத்தம் அவசரம்தான், பத்து மாதம் காத்திருக்க முடியாது. ஒரு சனிக்கிழமை முடியும்வரை காத்திருக்கலாம். பழைய திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மச்சானிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. ஆனால் நான் யோசிக்காத ஒன்றைத் திருப்பிக் கேட்டான். "அம்மா திரையில எடமா வலமாங்கறது அம்மாவுக்குத்தான தெரியும்? தறி ஓட்டறவங்களுக்கு என்ன தெரியும்? அவங்க எதை நம்பி வாங்கறாங்க?" எல்லார் போனிலும் தெரிகிற மாதிரி ஒரு பொதுக் கணக்கைப் போட்டால் அவரவர் பாக்கியை அவரவரே பார்க்கலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்கிறான். சரியான வாதம். அத்தையின் பழக்கம் அத்தைக்கு நியாயத்தின் கருவி, எதிரில் நிற்கிறவருக்கு அது அத்தையின் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டிய ஒன்று. சுவரில் கம்பி தொங்கியபோதாவது யார் சீட்டு எதில் இருக்கிறது என்று உள்ளே வருகிற யாரும் எட்டிப் பார்க்க முடிந்தது. திரைக்கு வந்தபோது அது போனது. அன்றைக்கு அதையும் யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

அத்தை பொதுக் கணக்குக்குச் சம்மதித்துவிட்டார். "அவங்களும் பாக்கட்டும், நல்லதுதான" என்றார். மகன் வரைந்த தாளில் இடது பக்கம் பாக்கி, வலது பக்கம் பைசல் என்று இரண்டு பத்தி இருக்கிறது. இப்போது பேச்சு ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது. தொகையைப் போட்டவுடன் பெயர் தானாகவே வலது பக்கம் போய்விட வேண்டும் என்கிறான் அவன், மறதிக்கு இடமிருக்காது. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தானா போச்சுன்னா கொடுத்தது யாரு என்று கேட்கிறார். நான் கையால நகர்த்துனாத்தான் அது கொடுத்தது என்கிறார்.